அவளுடைய அப்பாவின் இனிஷியல்

அவளைக் கூட்டிவர நானும் அம்மாவும் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போனபோது எனக்கு வயது பத்தொன்பது. ஒரகடத்தில், கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு எனக்கு இரண்டாம் ஷிஃப்ட். அதனால் யூனிஃபார்மிலேயே போனேன். வந்ததும் வீட்டில் விட்டுவிட்டு அப்படியே கம்பெனி பஸ் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

லோக்கல் ரயிலிலிருந்து ஒரு பெண்மணியும் ஒரு சிறுமியும் இறங்கினார்கள். அந்தப் பெண்மணி அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். இருபது வருஷத்துக்கு மேல் ஒருவரையொருவர் பார்க்காதவர்கள். ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்திலேயே அழுதார்கள். சிறுமி அழவில்லை. பள்ளிக்கூடப் பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு எத்தனை வாசல் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வயது என்றார்கள். எனக்கு எட்டு வயதுப் பிள்ளை போலத்தான் தெரிந்தது.

நாங்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூன்று வயதாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். பன்னிரண்டு வருஷம் அகதி முகாமில் இருந்தோம். அப்பா பெயின்ட் அடிப்பவர். இந்தப் பக்கம் வயல்களெல்லாம் கம்பெனிகளாக மாறிய காலத்தில் ஷெட்டுகளுக்குச் சாயம் அடிக்கும் வேலை ஓயாமல் கிடைத்தது. முகாமுக்கும் வேலைக்கும் அலைய முடியாமல், வெளியே குடியிருக்க அனுமதி வாங்கி, ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில் வீடு தேடினார். சிலோன்காரர்கள் என்றதும் நாலைந்து பேர் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் ஓர் அம்மாள் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"மோட்டார் போட்டா மறக்காம நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவம் அம்மா."

"அப்ப வந்து குந்துங்க. வேற இன்னா கீது கேக்கறதுக்கு."

அவர்தான் எங்கள் வீட்டுக்கார அம்மாள். நிலத்தையெல்லாம் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த மனையில் வரிசையாக நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அவர் குடியிருந்தது எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில்.

அந்தச் சிறுமி எங்களுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. போரின் கடைசி நாட்களில் அவளுடைய அம்மா போய்விட்டார். அப்பா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். போர் முடிந்து எல்லோரையும் அடைத்துவைத்த முள்கம்பி முகாமில், சாப்பாட்டு வரிசையில் அம்மாவின் சிநேகிதிக்குப் பின்னால் அவள் வந்து நின்றிருக்கிறாள். மறுநாளும் நின்றிருக்கிறாள். மூன்றாம் நாள் அவர் தன் மூன்று பிள்ளைகளோடு அவளையும் சேர்த்து உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறார். அதிலிருந்து அவரோடு ஒட்டிக்கொண்டவள், படகிலும் கூடவே வந்து சேர்ந்தாள். கணவரையும் பறிகொடுத்துவிட்ட அந்த மனுஷி, ஒற்றை அறையில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறிப் போய் அம்மாவுக்குப் போன் செய்தார்.

போனை வைத்துவிட்டு வந்த அம்மா, அப்பாவிடம் கேட்கவில்லை, சொன்னார்.

"இஞ்சேருங்கோ, ஒரு பிள்ளை வரப்போகுது எங்கட வீட்டுக்கு."

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எத்தினை நாளைக்கு?" என்றார்.

"நாளெல்லாம் இல்லை. வளர்க்கிறதுக்கு."

அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "எங்கட மூண்டு பேரின்ர அகதிப் பதிவுக்கே மாசாமாசம் பொலிஸ் ஸ்டேசன் வாசல்ல நிக்கிறன். நாலாவது ஆளை எப்பிடி எழுதிறது?" என்றார்.

"மூண்டுக்கு நிக்கிற நேரந்தானே நாலுக்கும்," என்றார் அம்மா.

அம்மா அப்படித்தான். முடிவு எடுக்கும்வரை யோசிப்பார், எடுத்த பிறகு யோசிக்க மாட்டார். அந்தக் குணம் எனக்கும் வந்திருக்கிறது என்று கம்பெனியில் சொல்வார்கள். சந்தோஷமாகவே ஒப்புக்கொள்கிறேன்.

வந்த முதல் நாளே ஒரு சங்கடம். அவள் செருப்பைக் கழற்றவில்லை. வீட்டுக்குள் செருப்போடு வந்தாள், செருப்போடு சாப்பிட்டாள், படுக்கும்போதும் கழற்றவில்லை. ரப்பர் செருப்பு, நீல நிற வார். அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அவள் காலில் இருக்கும்போதே ஈரத்துணியால் செருப்பின் அடியைத் துடைத்துவிட்டார். லாடம் அடிக்க நிற்கும் குதிரைபோல அவள் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கிக் காட்டினாள்.

வீட்டுக்கார அம்மாள் நாலாம் நாள் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது, பொண்ணு செருப்பு போட்டுகினு அடுப்பாண்ட நிக்குது? சாமி படம் வெச்சிருக்கிற வூடு. நீயும் பாத்துகினு கம்முனு கீற."

"கழட்டுவாள் அம்மா. அவளுக்குத் தோணேக்க கழட்டுவாள்," என்றார் அம்மா.

"நல்லா வளப்பு வளக்கற போ," என்று வீட்டுக்கார அம்மாள் கோபமாகப் போய்விட்டார்.

எனக்கும் கோபம்தான். அதை மறைப்பதற்கில்லை. பத்தொன்பது வருஷம் ஒற்றைப் பிள்ளையாக இருந்தவள் நான். முகாமின் பத்தடி அறையிலும் எனக்கென்று ஒரு மூலை இருந்தது. இப்போது என் பாயில் பாதி அவளுக்கு, என் அலமாரியில் ஒரு தட்டு அவளுக்கு. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒரு மழை நாளில் துவைத்து மடித்து வைத்திருந்த என் யூனிஃபார்மின் மேல் சேற்றுச் செருப்போடு அவள் ஏறி நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஜன்னல் வழியே தெருவைப் பார்க்க ஏறியிருக்கிறாள்.

"கழட்டடி அதை!" என்று கத்திக்கொண்டே அவள் காலைப் பிடித்துச் செருப்பை இழுத்தேன். அவள் குனிந்து என் கட்டைவிரலைக் கடித்தாள். சும்மா பல் படுகிற கடி இல்லை. ரத்தம் வந்துவிட்டது. நான் அலறிய அலறலில் வீட்டுக்கார அம்மாளும் ஓடி வந்தார்.

அம்மா எங்கள் இருவரில் யாரையும் அடிக்கவில்லை. என் விரலைக் கழுவி மஞ்சள் வைத்துக் கட்டினார். கட்டிக்கொண்டே, "ஏன் கழட்டுறாளில்லை எண்டு அவளிட்டக் கேட்டனியோ?" என்றார்.

"நீங்கள் கேட்டனீங்களோ?"

"நான் கேட்டா அவள் சொல்லமாட்டாள். நீ பிள்ளை. உனக்குச் சொல்லுவாள்."

அன்றைக்கு வேலையில் என் கை ஓடவில்லை. எங்கள் லைனில் ஒரு பலகை மேல் கலர் கலரான ஒயர்களை வரிசைப்படி வைத்து டேப் சுற்ற வேண்டும். கட்டைவிரல் இல்லாமல் அந்த வேலை ஆகாது. அடுத்த ஆளுக்குப் போகவேண்டிய ஒயர் என்னிடம் தேங்கியது. சூப்பர்வைசர் வந்து, "இன்னாச்சு கையில?" என்று கேட்டார்.

"தங்கச்சி கடிச்சிட்டா சார்."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்த சொல் எனக்கே கேட்டது. யோசித்துச் சொன்னதில்லை அது. சொந்தமில்லாத ஒரு பிள்ளை என் வீட்டுக்கு வந்து என்னைக் கடித்தது என்று ஒரு சூப்பர்வைசரிடம் விளக்கிக்கொண்டு நிற்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் சொல்லிவிட்ட பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. டேப்பை ஆள்காட்டி விரலால் பிடித்து எப்படியோ ஷிஃப்டை முடித்தேன்.

மறுநாள் காலை இருவரும் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். அதட்டாமல்தான் கேட்டேன்.

அவள் காயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நிலத்துக்கு விரிக்கிற தறப்பாள் புதுசு. அம்மாதான் கூடாரத்துக்கை விரிச்சவ. செருப்பைக் கழட்டிப்போட்டு வா எண்டு சொன்னவ. நான் கழட்டினன். பிறகு ஷெல் வந்தது. ஓடேக்க என்னட்டைச் செருப்பில்லை. மண் சுட்டது அக்கா, முள்ளும். நான் மெதுவாத்தான் ஓடினன். என்னைப் பாக்கிறதுக்காண்டி அம்மா திரும்பி நிண்டவ."

உன் மேல் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதை எத்தனையோ பேர் அவளிடம் சொல்லியிருப்பார்கள், அவள் நம்பியிருக்க மாட்டாள் என்று தோன்றியது. அவரைக்காய் முழுவதையும் உரித்து முடித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் போய் ஒரு சோடி புதுச் செருப்பு வாங்கிவந்தேன். மெத்தென்ற சிவப்புச் செருப்பு, பின்னால் பட்டி வைத்தது. ஓடினாலும் கழன்று போகாது. "இது வீட்டுக்குள்ள போட. அது வெளியில போட. விளங்கிச்சோ?" என்றேன். அவள் கடைக்காரர் பார்ப்பதுபோல வாரை இழுத்துப் பார்த்தாள். வாசலில் நின்று ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டிக்கொண்டாள். இடையில் கால் தரையில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

அம்மா நடந்ததை வீட்டுக்கார அம்மாளிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நிற்கவில்லை. தன் தேய்ந்த செருப்போடு நேரே உள்ளே வந்து, சமையலறை வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்தார். அவரைவிடச் சுத்தம் பார்க்கிறவர் அந்தத் தெருவிலேயே கிடையாது. சிறுமி அவர் காலையே பார்த்தாள்.

"இன்னா பாக்கற? நானும் போட்டுகினுதான் வருவேன் இனிமே. டீ போடச் சொல்லு உங்க அம்மாவ."

"அவ என்ர அம்மா இல்லை," என்றாள் சிறுமி.

"சரி, யாரோ. டீயப் போடச் சொல்லு."

அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. அந்த அம்மாள் பல மாதங்கள் அப்படியே செருப்போடு வந்து போனார். சிறுமி வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தது எந்த நாள் என்று எங்கள் யாருக்குமே நினைவில்லை. ஒருநாள் பார்த்தால் சிவப்புச் செருப்பு கதவுக்குப் பின்னால் கிடந்தது.

என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பது அடுத்தது. அம்மாவை முதலில் அன்ரி என்றாள். குழந்தைகள் விஷயத்தைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வீட்டைப் பார்வையிட வந்தார். நல்ல மனுஷி. ஃபாரத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

அம்மா சட்டென்று சொன்னார். "அது இன்னும் முடிவாகேல்லை மேடம். அவள்தான் சொல்லோணும்."

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டுச் சிறுமியைப் பார்த்தார். சிறுமி அம்மாவிடம் திரும்பி, "உங்களுக்கு எத்தினை வயசு?" என்று கேட்டாள்.

"நாப்பத்து மூண்டு."

அவள் விரல்விட்டு ஏதோ எண்ணினாள். "என்ர அம்மாவுக்கு முப்பத்தாறு. அப்ப நீங்கள் பெரியம்மா."

முறை அதோடு நிலைத்தது. அப்பா பெரியப்பா ஆனார், நான் உண்மையாகவே அக்கா ஆனேன். தன் அம்மாவின் இடத்தில் யாரையும் உட்கார வைக்காமல், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தந்தாள் என்று இப்போது எனக்குப் படுகிறது. அன்றைக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனதுதான் நினைவிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது விஷயம் அவ்வளவு லேசாக முடியவில்லை. அவளிடம் பிறப்புச் சான்று இல்லை, டி.சி. இல்லை. தலைமை ஆசிரியை உதவத்தான் பார்த்தார். "உங்க இனிஷியலையே போட்டுடலாம் சார். உங்க பொண்ணாவே எழுதிக்கலாம். பின்னாடி எந்தத் தொந்தரவும் வராது," என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பாவுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து, "இனி நீ என்ர பிள்ளை. என்ர இனிஷியல்தான் உனக்கு," என்று அவள் தலையில் கை வைத்தார்.

அவள் தலையை விலக்கிக்கொண்டாள். "வேண்டாம் பெரியப்பா."

"ஏன் பிள்ளை?"

"என்ர அப்பாவின்ர படம் ஒண்டுகூட என்னட்டை இல்லை. வீடு இல்லை. அவரைப் புதைச்ச இடமும் ஆருக்கும் தெரியாது. அந்த ஒரு எழுத்துதான் கிடக்கு. அதையும் நீங்கள் எடுத்தா அவர் இருந்தவர் எண்டு ஆர் சொல்லுறது?"

பதினோரு வயதுப் பிள்ளை. ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை. பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்திருக்கிறாள்.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. கொடுக்க வந்ததை ஒருவர் திருப்பித் தள்ளினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நானும் அம்மாவும் சமையலைக் கவனிப்பதுபோல இருந்தோம். அவள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துவிட்டாள். அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "தேங்காய் துருவித் தா," என்றார்.

அப்பா ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் கோடு போடாத வெள்ளைத் தாள் பத்துப் பதினைந்து. அவள் எதிரில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, "உன்ர அப்பாவின்ர முழுப் பேரைச் சொல்லு. அவரின்ர அப்பாவின்ர பேர் தெரியுமோ? ஊர், கிராம சேவகர் பிரிவு, எல்லாம் சொல்லு. பிழையில்லாமச் சொல்லோணும்," என்றார்.

அதன்பிறகு அப்பா அலைந்த அலைச்சலை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. தாலுகா அலுவலகம், பதிவு பார்க்கும் ஸ்டேஷன், அம்மாவின் சிநேகிதி இருந்த தொலைதூர முகாம், மறுபடி தாலுகா. பெயின்ட் படிந்த கையோடு அலுவலகத்துக்குப் போகக்கூடாதென்று, போகிற நாளெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்ப்பார். "எதுக்குங்க இவ்ளோ கஷ்டம், உங்க பேரையே போட்டுட்டுப் போங்களேன்," என்று ஒவ்வொரு மேசையிலும் சொன்னார்களாம். ஒவ்வொரு மேசையிலும் அப்பா ஒரே பதிலைச் சொன்னாராம். "அவளுக்குத் தகப்பன் இருந்தவர் ஐயா. நான் காப்பாளர் மட்டுந்தான்."

மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு முன்னால் அவளுடைய அப்பாவின் எழுத்து. காப்பாளர் என்ற இடத்தில் என் அப்பாவின் பெயர். தலைமை ஆசிரியை முதல் நாள் வகுப்பில் அந்தப் பெயரை முழுசாக வாசித்தார் என்று வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, அப்பா குளிக்கப் போனபோது அவருடைய சாயம் படிந்த சட்டையை எடுத்து அவளே துவைத்துப் போட்டாள்.

அவள் படித்த படிப்பைப் பற்றி நான் அளக்கவில்லை. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். ஊர்ப் பக்கத்துச் செய்திகளைப் போடும் ஒரு பத்திரிகையில் சின்னதாகப் படம் போட்டு, இலங்கையிலிருந்து வந்த மாணவி என்று எழுதி, தகப்பனார் பெயரையும் போட்டிருந்தார்கள். அதை யாரோ போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்ப, அது கடல் கடந்து கனடாவில் ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அவளுடைய அப்பாவின் தம்பி. ஒரு குடும்பம் முழுவதுமே அழிந்துவிட்டது என்று நினைத்து ஆறு வருஷமாகத் திதி கொடுத்துக்கொண்டிருந்தவர். அண்ணன் பெயரைப் பத்திரிகையில் பார்த்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்துவிட்டார்.

இரண்டு மாதத்தில் விமானம் ஏறி வந்துவிட்டார். எங்கள் சந்துக்குள் வாடகைக் கார் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. நடந்து வந்தார். அவளைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணன்ர நெத்தி, அண்ணன்ர நெத்தி," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குளிருக்குப் போடும் ஊதா ஜாக்கெட் ஒன்று கொண்டுவந்திருந்தார். வயதைச் சரியாகக் கணக்கிடாமல் வாங்கியது. அதன் கை அவள் முழங்கையைத் தாண்டவில்லை.

நல்லவர் அவர். அதனாலேயே எனக்கு அவர்மேல் இன்னும் ஆத்திரமாக வந்தது. அவளை அங்கே கூட்டிப்போய்ப் படிக்க வைக்கிறேன், காகிதங்களுக்கு வக்கீல் பார்த்துவிட்டேன், அங்கே அவளுக்கு ஒரு நாடு இருக்கும், குடியுரிமை இருக்கும் என்றார். எல்லாம் உண்மை. எங்களால் தர முடியாதவை. எங்களுக்கே அவை கிடையாது.

அப்பா எழுந்து நின்று சொன்னார். "அவள் உங்கட அண்ணன்ர பிள்ளை. நாங்கள் மறிக்க மாட்டம். ஆனா அவளைக் கேட்டுத்தான்."

"அஞ்சு வருஷம் நாங்க வளத்தம்," என்று நான் வெடித்தேன். "இப்ப வந்து ஒரு ஜாக்கெட்டோட..."

"பிள்ளை!" என்றார் அம்மா. அந்த ஒரு சொல்லில் நான் அடங்கிப்போனேன். அம்மா அவருக்கு இலை போட்டார்.

அவள் சித்தப்பாவிடம் மூன்று நாள் தவணை கேட்டாள். அவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் வந்துவிடுவார். நாங்கள் நினைத்தோம், கனடாவைப் பற்றி விசாரிப்பாள் என்று. அவள் கனடாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"அப்பா சின்னனில என்ன விளையாட்டு விளையாடுறவர்?"

"அவருக்கு நீந்தத் தெரியுமோ?"

"எந்தக் கறியெண்டா கூடச் சாப்பிடுவார்?"

"அம்மாவை எங்க வச்சு முதல் பாத்தவர்?"

சித்தப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தாள். அண்ணன் குளத்தில் எருமைமேல் ஏறி அக்கரைக்குப் போனது, சைவக் கடையில் வடையைத் திருடி அகப்பட்டது, கல்யாணத்தில் மாற்றிக் கட்டிய வேட்டி. மனிதர் ஒரு கட்டத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்கார அம்மாள்கூட வந்து உட்கார்ந்து கேட்டார். "உங்கண்ணன் சரியான கேடியா இருந்திருக்கான்யா," என்று தீர்ப்பும் சொன்னார். எனக்குத் தெரியாத ஒரு மனிதர் மூன்று நாளில் எங்கள் வீட்டில் ஒருவராகிவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவள் நோட்டை மூடினாள்.

"சித்தப்பா, நீங்கள் என்னை வந்து பாருங்கோ. வருசா வருசம் வாங்கோ. கூட்டிக்கொண்டு போறதுக்கு வராதேங்கோ."

அவர் அதிர்ந்துபோனார். "ஏன் பிள்ளை? இஞ்ச என்ன இருக்கு உனக்கு? நாளைக்கு ஒரு அரசாங்க வேலைக்குக்கூட எழுதேலாது நீ."

"தெரியும். பிறைவேட்டில வேலை கிடைக்கும். இந்த ரோட்டில எத்தினை கொம்பனி நிக்குது எண்டு பாத்தனீங்கள்தானே." அதைச் சொல்லும்போது இந்த ஊர்க்காரி மாதிரியே கையை வீசிக் காட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் ஒருக்கா எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்தனான். இனி ஓடுறதில்லை. ஆரும் துரத்தாமல் ஏன் ஓடோணும்?"

சித்தப்பா அப்பாவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்கள் அவளுக்கு உங்கட பேரை வச்சிருந்தா நான் அவளைக் கண்டே பிடிச்சிருக்க மாட்டன்," என்றார். அப்பா, "சாப்பாடு காணுமோ? இன்னும் கொஞ்சம் மோர் விடச் சொல்லவோ?" என்றார்.

அவர் போன பிறகு அவளிடம் நான் தனியாகக் கேட்டேன். எங்களுக்காக இருந்துவிட்டாயா என்று. நன்றிக்கடன் என்று ஏதாவது மனசில் வைத்திருக்கிறாளோ என்ற பயம் எனக்கு.

"உனக்கென்ன விசரோ அக்கா?" என்றாள். "எனக்கு விருப்பம் எண்டுதான் இருந்தனான்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அதற்குமேல் நான் அதைப்பற்றி யோசித்ததில்லை.

இப்போது அவள் தண்டலம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். எங்களோடு பேசும்போது எங்கள் தமிழ். ஷேர் ஆட்டோவில் ஏறினால், "இன்னாண்ணா, எவ்ளோ நேரம் இப்டியே நிறுத்திகினு இருப்ப?" என்று ஒரு போடு போடுவாள். நோயாளிகளிடம் நின்று நிதானமாக மூன்றாவதாக ஒரு தமிழ் பேசுகிறாளாம். கூட வேலை பார்த்த வாலாஜாபாத் பையனைப் பிடித்திருக்கிறது என்று அவளே வந்து சொல்லி, அவளே அவன் வீட்டாரை அழைத்துவந்தாள். அவன் அம்மா எங்களைப் பார்த்து, "பொண்ணு உங்களுக்கு இன்னா ஆவணும்?" என்று கேட்டார். எங்கள் மூன்று பேர் வாயையும் முந்திக்கொண்டு வீட்டுக்கார அம்மாள், "எல்லாருக்கும் எல்லாம் ஆவணும். நீ காப்பி குடி," என்று சொல்லிவிட்டார்.

கல்யாணம் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. சித்தப்பா குடும்பத்தோடு வந்திருந்தார். கன்னிகாதானம் யார் செய்வது என்று ஐயர் கேட்டபோது, அப்பாவும் சித்தப்பாவும் நீங்கள் செய்யுங்கள், இல்லை நீங்கள்தான் என்று ஒருவரையொருவர் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றார்கள். முகூர்த்தம் போய்விடும் என்று ஐயர் பதறினார். மணப்பெண் மாலையோடு எழுந்து, இரண்டு பேர் மணிக்கட்டையும் பிடித்து இழுத்து, ஒருவர் கைமேல் ஒருவர் கையை வைத்தாள். "ரெண்டு பேரும் சேந்து செய்யுங்கோ. ஐயா, நீங்க மந்திரத்தச் சொல்லுங்க," என்றாள். அம்மா செம்பிலிருந்து நீர் வார்த்தார். நான் பக்கத்தில் நின்று அவள் முந்தானை நனையாமல் பிடித்துக்கொண்டேன்.